லி என்று முடியும் பெண் குழந்தைப் பெயர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து வீடுகளில் பெண் குழந்தைக்குப் பேர் தேடும்போது பேச்செல்லாம் முதல் எழுத்தைச் சுற்றியே நடக்கிறது. நட்சத்திரம் என்ன, எத்தனையாவது பாதம், ஜோசியர் எந்த எழுத்தைச் சொன்னார் என்று நாள்கள் ஓடிவிடும். பெயரின் தொடக்கத்தை இப்படி நட்சத்திரம் எடுத்துக்கொள்கிறது. முடிவு பெற்றோர் கையில் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் வேண்டுகோள்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் எழுத்து ‘லி’. காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பூந்தமல்லி என்று பேருந்துப் பலகையிலும், பூவிருந்தவல்லி என்று பழைய வழக்கிலும் வழங்கும் ஊரின் பெயரே லி என்றுதான் முடிகிறது. சுற்றுவட்டாரத்துக் கோயில்களில் குடியிருக்கும் தாயார்கள், அம்மன்கள் பலரின் பெயரும் அப்படியே. இந்த எழுத்துக்குள் தூய தமிழ்ப் பெயரும் உண்டு, வடமொழிப் பெயரும் உண்டு, மூன்றெழுத்துச் செல்லப் பெயரும் உண்டு, முழுநீளப் பாட்டிப் பெயரும் உண்டு.

கடைசி எழுத்து செய்யும் வேலை

கொரட்டூரிலோ திருமுல்லைவாயிலிலோ ஒரு சாயங்காலம் தெருவில் விளையாடும் பெண்ணை அம்மா மாடியிலிருந்து கூப்பிடுவதைக் கேளுங்கள். ‘பூங்குழலீ’ என்ற குரலில் முதல் நான்கு எழுத்துகள் ஒரு மூச்சில் ஓடிவிடும். தெருக்கோடி வரை போய்ச் சேர்வது நீண்டு ஒலிக்கும் அந்த ‘லீ’ மட்டும்தான். இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாக நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபு இலக்கணமே வகுத்திருக்கிறது. நம்பி என்பது நம்பீ ஆகும். ஐகாரத்தில் முடியும் நங்கை, பாவை போன்றவை நங்காய், பாவாய் என்று மாறும். இன்றைய பேச்சில் ‘ஆய்’ விளி வழக்கொழிந்துவிட்டது. ‘ஈ’ விளி அப்படியே உயிரோடு இருக்கிறது. அதனால் லி என்று முடியும் பெயர், கூப்பிடுவதற்கென்றே அமைந்த பெயர்.

இன்னொரு நன்மையும் உண்டு. தமிழில் இகரம் பெண்பாலைக் காட்டும் விகுதி. குழல் என்றால் கூந்தல். குழலி என்றால் அத்தகைய கூந்தலை உடையவள். குயில் பறவை, குயிலி பெண். ‘ல்’ என்று முடியும் நல்ல சொல் ஒன்று கிடைத்தால், அதோடு ஓர் இகரம் சேர்த்துப் பெயராக்கிவிடலாம். பொழில் என்றால் சோலை. பொழிலி சோலை போன்றவள். தென்றல், தென்றலி ஆகும். மயில், மயிலி ஆகும். அகராதியில் தேடிக் களைத்த பெற்றோர் தாங்களே புதுப்பெயர் உருவாக்கிக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

முதல் குடும்பம்: குழலி

லி வரிசையில் இன்று அதிகம் விரும்பப்படும் பெயர் பூங்குழலி. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில், கோடிக்கரைக் கடலில் தனியாகப் படகு செலுத்தும் பெண் அவள். அஞ்சாதவள், யாரையும் சாராதவள். 2022-இலும் 2023-இலும் திரைப்படமாக வந்தபோது இந்தப் பெயர் புதிய தலைமுறைக்கும் அறிமுகமாயிற்று. பூச்சூடிய கூந்தலை உடையவள், பூவைப்போல மென்மையான கூந்தலை உடையவள் என இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம்.

இந்தக் குடும்பத்தில் வேறு பெயர்களும் உண்டு. பலரும் கவனிக்காமல் விட்டவை:

கார்குழலி: மழைமேகம் போலக் கருத்த கூந்தலை உடையவள்.
கருங்குழலி: கருங்கூந்தலாள். கார்குழலிக்கு நெருங்கிய சொந்தம்.
வார்குழலி: நீண்டு தொங்கும் கூந்தலை உடையவள்.
நறுங்குழலி: மணம் கமழும் கூந்தலை உடையவள்.
மலர்க்குழலி: மலர் சூடிய கூந்தலாள்.
தேன்குழலி: தேன் மணக்கும் கூந்தலாள். பலகாரத்துக்கும் தேன்குழல் என்ற பெயர் இருப்பதால், பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வார்களா என்று ஒருமுறை யோசித்துவிட்டு வையுங்கள்.

கோயில் சார்ந்து வைக்க விரும்புவோருக்கு இரண்டு அரிய பெயர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள திருவாலங்காடு, நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. காரைக்கால் அம்மையார் இறைவனின் நடனத்தைக் கண்ட தலம். அங்கே வடாரண்யேசுவரருடன் இருக்கும் அம்மன் வண்டார்குழலி. பூவின் மணம் தேடி வண்டுகள் மொய்க்கும் கூந்தலாள் என்று பொருள். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் அம்மை ஏலவார்குழலி. ஏலம் என்பது கூந்தலுக்குப் பூசும் மயிர்ச்சாந்து. அந்த மணம் வீசும் நீண்ட கூந்தலாள். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவரின் துணைவியும் மட்டுவார்குழலி. மட்டு என்றால் தேன், மணம் என்று பொருள்.

இவை நீளமான பெயர்கள்தாம். ஆனால் வீட்டில் யாரும் முழுதாகக் கூப்பிடப் போவதில்லை. ‘குழலி’ என்று சுருக்கினாலும் பொருள் கெடாது. சுருக்கிய பின்னும் பொருள் நிற்கிறதா என்பது நீளப் பெயர் வைப்பவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய ஒன்று.

இரண்டாம் குடும்பம்: வல்லி

வல்லி என்றால் படரும் கொடி. இந்த வட்டாரத்துக்கு மிக நெருக்கமான சொல் இது.

பூவிருந்தவல்லியில் வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. தாயார் புஷ்பவல்லி. மலரில் தோன்றிய தாயார் என்பதால் ஊருக்கே பூவிருந்தவல்லி என்ற பெயர் அமைந்தது என்பது ஊர் வழக்கு. காஞ்சி வரதருக்குத் தொண்டு செய்தவரும், இராமானுசர் குருவாக மதித்தவருமான திருக்கச்சி நம்பி பிறந்த ஊரும் இதுவே. திருமுல்லைவாயிலுக்குப் போனால் அங்கேயும் கொடிதான். தொண்டைமான் மன்னனின் யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, வாளால் வெட்டியபோது உள்ளே இருந்த சிவலிங்கத்தின் மீது வாள் பட்டது என்பது மாசிலாமணீசுவரர் கோயிலின் தலவரலாறு. அம்மனின் பெயரும் கொடியிடை நாயகி. திருவொற்றியூர் வடிவுடை நாயகி, மேலூர் திருவுடை நாயகி, திருமுல்லைவாயில் கொடியிடை நாயகி மூவரையும் பௌர்ணமி கூடிய வெள்ளிக்கிழமையில் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் சென்னைக்காரர்கள் அறிந்தது. அங்கே வேண்டிக்கொண்டு பெண் பிறந்தால், கொடி என்ற பொருளையே லி என்ற முடிவோடு வைக்க நினைப்பவர்களுக்கு வல்லிப் பெயர்கள் வழி தருகின்றன.

புஷ்பவல்லி: பூங்கொடி. பூவிருந்தவல்லித் தாயாரின் பெயர்.
பூவல்லி: அதே பொருள், தமிழ்ச் சொல்லோடு, சுருக்கமாக.
கனகவல்லி: பொற்கொடி. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் தாயார்.
அமிர்தவல்லி, அமுதவல்லி: அமுதக் கொடி. சோளிங்கர் யோக நரசிம்மரின் தாயார் அமிர்தவல்லி.
மரகதவல்லி: மரகதம் போன்ற பச்சைக்கொடி. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழித் தாயார்.
கோமளவல்லி: இளமையும் மென்மையும் கொண்ட கொடி. கும்பகோணம் சாரங்கபாணி கோயில் தாயார்.
குமுதவல்லி: ஆம்பல் கொடி. திருமங்கையாழ்வாரின் மனைவி பெயர்.
சுந்தரவல்லி: அழகிய கொடி.
கற்பகவல்லி: கேட்டதைத் தரும் கற்பகக் கொடி.
தமிழ்வல்லி, பொன்வல்லி: தமிழ்க்கொடி, பொற்கொடி. கோயில் சாராமல் தமிழ்ப்பெயராக வைக்க நினைப்பவர்களுக்கு.

வல்லிப் பெயர் பழசாக ஒலிக்கிறது என்று இளம் பெற்றோர் தயங்குவது உண்டு. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் வீடுகளில் இந்தத் தயக்கம் ஒரு சண்டையாகவே வளர்ந்துவிடும். அப்போது பெயரின் முன்பாதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். பாட்டி கனகவல்லி என்றால் பேத்தி பூவல்லி ஆகலாம். பாட்டியின் பெயரில் பாதி பேத்திக்கு வந்துவிட்டது. பெற்றோர் கேட்ட புதுமையும் கிடைத்துவிட்டது. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போக இந்தக் கடைசி எழுத்து எத்தனையோ வீடுகளில் உதவும்.

பூ, மேகம், பறவை, நெல்

அல்லி: நீரில் பூக்கும் ஆம்பல் வகை. மதுரையை ஆண்டு அர்ச்சுனனுக்கும் அடங்காமல் நின்ற அரசியாக நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் பாடும் அல்லி ராணியின் பெயரும் இதுவே. இரண்டு அசையில் முடியும் கம்பீரமான பெயர்.

மல்லி: மல்லிகையின் மக்கள் வழக்கு. பூக்காரம்மா ‘ரெண்டு முழம் மல்லி’ என்று சொல்லும் அதே சொல். கடையில் கொத்தமல்லியையும் மல்லி என்பார்கள். அதனால் தனிப்பெயராக வைக்கத் தயங்குபவர்கள் செல்லப் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

எழிலி: இதை அழகி என்று பொருள்கொண்டு வைக்கிறவர்கள் உண்டு. எழிலி என்றால் மேகம், மழை தரும் மேகம். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தின் 17-ஆம் குறளில் இந்தப் பொருளில்தான் வருகிறது: எழிலி நீரை முகந்து திரும்பப் பொழியாவிட்டால் நெடுங்கடலும் தன் வளம் குன்றும் என்பது கருத்து. அழகைவிட ஆழமான பொருள் இது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளை நம்பி வளர்ந்த வட்டாரத்தில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பிறக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. சொல்வதற்கும் எளிது, எழுத மூன்றே எழுத்து, வகுப்பில் இன்னொரு எழிலி இருக்கும் வாய்ப்பும் குறைவு. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பெயரைப் பரிந்துரைக்கச் சொன்னால் நான் சொல்வது எழிலிதான்.

குயிலி: சிவகங்கை வேலு நாச்சியாரின் படையில் இருந்த வீராங்கனை. 1780-இல் சிவகங்கையை மீட்ட போரில், தன் உடலில் தீ வைத்துக்கொண்டு ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்கை அழித்தாள் என்று அந்தச் சீமையின் மரபு போற்றுகிறது. பறவையின் இனிமையும் போரின் துணிவும் ஒரே பெயரில் சேர்ந்திருப்பது அபூர்வம்.

சாலி: நெல்லில் உயர்ந்த வகை. அருந்ததி விண்மீனுக்கும் சாலி என்று பெயர்; சிலப்பதிகாரத்தில் அந்தப் பொருளில் வருகிறது. செஞ்சாலி என்றால் செந்நெல். வயல் பார்த்து வளர்ந்த தாத்தா இருக்கும் வீட்டில் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், உடனே ஒப்புக்கொள்வார்.

பொழிலி: சோலை போன்றவள்.
மயிலி: மயிலைப் போன்றவள்.
யாழொலி, தேனொலி: யாழின் ஓசை, தேன்போல் இனிக்கும் ஓசை. இசைப் பழக்கமுள்ள குடும்பங்களுக்கு.

வடக்கிலிருந்தும் பிற மொழியிலிருந்தும் வந்தவை

அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் நாட்டின் பல மாநிலக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. ஒரே குடியிருப்பில் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் பேசும் பிள்ளைகள் சேர்ந்து வளர்கிறார்கள். ஆகவே இந்தப் பட்டியலும் இங்கே வேண்டியிருக்கிறது.

அஞ்சலி: இரு கை குவித்து வணங்குதல், குவித்த கைகளால் இடும் காணிக்கை. கீதாஞ்சலி என்றால் பாட்டுக் காணிக்கை. தாகூரின் வங்க மொழித் தொகுப்பு 1910-இல் வந்தது, 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புஷ்பாஞ்சலி மலர்க் காணிக்கை. ஒரு விஷயத்தை முன்பே பேசிவிடுங்கள்: தெருச் சுவரொட்டிகளில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு இந்தப் பெயர் மனசுக்கு ஒட்டாமல் போகலாம். சொல்லின் மூலப்பொருள் வணக்கம் என்று எடுத்துச் சொன்னால் பலர் ஏற்றுக்கொள்வார்கள். அப்போதும் உறுத்தினால் கீதாஞ்சலி என்று நீட்டி வையுங்கள்.

மைதிலி: மிதிலை நாட்டு இளவரசி, சீதை.
பாஞ்சாலி: பாஞ்சால நாட்டு மகள், திரௌபதி. அநியாயத்தை எதிர்த்துச் சபையில் கேள்வி கேட்டவள். பாரதியார் தனிக் காவியமே எழுதினார்.
வைஷாலி: பீகாரில் உள்ள பழம்பெரும் நகரம், லிச்சவிகளின் தலைநகர். இந்தப் பெயருக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெருமை சேர்ந்துவிட்டது. பாடியைச் சேர்ந்த ரமேஷ்பாபு வைஷாலி 2023 டிசம்பரில் 2500 புள்ளிகளைக் கடந்து இந்தியாவின் மூன்றாவது பெண் கிராண்ட்மாஸ்டரானார். தம்பி பிரக்ஞானந்தா ஏற்கெனவே கிராண்ட்மாஸ்டர். அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டரானது சதுரங்க உலகில் அதுவே முதல்முறை.
மிதாலி: வங்க மொழியில் நட்பு. இந்திய மகளிர் கிரிக்கெட் அணியை நெடுங்காலம் வழிநடத்திய மிதாலி ராஜ் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.
தீபாலி: விளக்குகளின் வரிசை. தீபாவளியை ஒட்டிப் பிறக்கும் பெண்ணுக்குப் பொருந்தும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நாட்டலி, எமிலி இரண்டும் உண்டு. நாட்டலி, கிறிஸ்து பிறப்பு நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டிசம்பரில் பிறக்கும் பெண்ணுக்கு ஏற்றது. எமிலி, பழைய ரோமானியக் குடும்பப் பெயர் ஒன்றிலிருந்து பிறந்தது. இஸ்லாமியப் பெண் பெயர்கள் பெரும்பாலும் ஆகாரத்தில் முடிவதால் இந்த வரிசையில் வருபவை குறைவு. லைலா என்பதன் பாரசீக வடிவமான லைலி உண்டு. இரவு என்ற சொல்லோடு தொடர்புடையது.

நட்சத்திர எழுத்தும் லி முடிவும்

முதல் எழுத்து நட்சத்திரப்படி அமைய வேண்டும் என்று விரும்பும் வீடுகளுக்கு இந்த வரிசை உதவும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சிறு வேறுபாடு இருக்கும். உங்கள் குடும்பம் பார்க்கும் பஞ்சாங்கத்தையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை (அ, இ, உ, எ): அல்லி, அஞ்சலி, அமுதவல்லி, எழிலி.
ரோகிணி (ஓ, வ, வி, வு): வண்டார்குழலி, வார்குழலி.
மிருகசீரிடம் (வே, வோ, கா, கி): கார்குழலி.
திருவாதிரை (கு, க, ங, ச): குயிலி, குமுதவல்லி, கனகவல்லி.
மகம் (ம, மி, மு, மே): மல்லி, மயிலி, மரகதவல்லி, மிதாலி.
உத்திரம் (டே, டோ, ப, பி): பாஞ்சாலி.
அஸ்தம் (பு, ஷ, ண, ட): பூங்குழலி, பூவல்லி, புஷ்பவல்லி.
சித்திரை (பே, போ, ர, ரி): பொழிலி, பொன்வல்லி.
விசாகம் (தி, து, தே, தோ): தேனொலி, தேன்குழலி.
அனுஷம் (ந, நி, நு, நே): நறுங்குழலி, நாட்டலி.
சதயம் (கோ, ச, சி, சு): கோமளவல்லி, சுந்தரவல்லி, சாலி.

குறிலும் நெடிலும் ஒரே எழுத்தாகக் கொள்ளப்படுவது வழக்கம் என்பதால் ‘பு’வுக்குப் பூங்குழலியும், ‘போ’வுக்குப் பொழிலியும் பொருந்தும்.

அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே முடிவு

மூத்தவள் பெயரின் கடைசி எழுத்திலேயே இளையவள் பெயரும் முடிய வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். இரட்டைக் குழந்தைகள் என்றால் அந்த ஆசை கட்டாயமாகவே ஆகிவிடும். அழகான ஆசைதான். ஆனால் கடைசி எழுத்து மட்டும் ஒன்றாக இருக்கட்டும். தொடக்கமும் நீளமும் வேறாக இருக்கட்டும். அமுதவல்லியும் குமுதவல்லியும் ஒரே வீட்டில் வளர்ந்தால், அடுப்படியிலிருந்து கூப்பிடும் குரலுக்கு இரண்டு பேரும் திரும்புவார்கள், அல்லது இரண்டு பேருமே திரும்ப மாட்டார்கள். முன்னெழுத்தும் (இனிஷியலும்) ஒன்றாக இருப்பதால் பள்ளிப் பதிவேட்டிலும் தடுப்பூசி அட்டையிலும் ஒருத்தியின் விவரம் இன்னொருத்தி பெயரில் ஏறிவிடும்.

நல்ல இணைகள் சில: எழிலி, பூங்குழலி. குயிலி, அமுதவல்லி. அல்லி, மைதிலி. பொழிலி, கீதாஞ்சலி.

லி, ளி, ழி: எழுதும்போது கவனம்

சென்னைப் பேச்சில் ழகரம் தேய்ந்து ளகரமாகிவிட்டது. பேச்சில் தேய்ந்தது ஆவணத்தில் ஏறினால் பிள்ளை பதினெட்டு வயதுவரை திருத்தத்துக்கு அலைய வேண்டிவரும். வல்லி கொடி, வள்ளி முருகனின் துணைவி. இரண்டும் நல்ல பெயர்தான், ஆனால் வேறுவேறு பெயர். பூங்குழலியில் முதலில் ழகரம், பிறகு லகரம். வரிசை மாறினாலோ ளகரம் புகுந்தாலோ கூந்தல் காணாமல் போய்விடும். தேன்மொழி, கயல்விழி போன்ற ழி வரிசைக்கு அடுத்த அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதே தமிழ்நாட்டில் நிலைத்த வழக்கம். குழலிக்குக் கே, யு, இசட், எச், ஏ, எல், ஐ. கடைசி லிக்கு எல், ஐ போதும். சிலர் எல்லுக்குப் பின் இரண்டு ஈ போடுகிறார்கள், சிலர் ஒய் போடுகிறார்கள். எதுவானாலும் ஒன்றை முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மூன்றிலும் அதையே எழுதுங்கள். எண் கணிதம் பார்ப்பவர்கள் கூட்டல் கழித்தலையெல்லாம் பதிவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தமிழில் எழுதும் பெயருக்கு முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டிருக்கிறது. பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள், ஓசை ஒத்துவருகிறதா என்று தெரியும்.

பெயரைப் பதிவது எங்கே, எப்போது

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனையே தகவலை அனுப்பிவிடும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது வாங்கிய பிக்மி எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், அதைக் கேட்பார்கள்.

பெயர் முடிவாகவில்லை என்றால் பதற வேண்டாம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். ஆனால் அவ்வளவு காலம் விட்டுவைக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அவசரப்பட்டு ஒரு பெயரை ஏற்றிவிட்டு மாற்ற நினைப்பதைவிட, அந்த 12 மாதத்துக்குள் நிதானமாக முடிவெடுத்து ஒரே தடவையில் சரியாக ஏற்றுவது நல்லது.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பதிவு, குழந்தை பிறந்த ஊரில்தான் இருக்கும்; நீங்கள் குடியிருக்கும் ஊரில் இருக்காது. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லியும் திருவேற்காடும் தனித்தனி நகராட்சிகள். ஆவடியில் குடியிருப்பவர் எழும்பூர் மருத்துவமனையில் பிள்ளை பெற்றால் பதிவு சென்னை மாநகராட்சியில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் விழுப்புரத்திலோ தஞ்சாவூரிலோ பிறந்திருந்தால் பதிவு அங்கே. பெயர் சேர்க்கும் வேலையைத் தாய்வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிட்டால் பின்னால் பேருந்துச் செலவும் விடுப்பும் மிச்சம்.

சான்றிதழ் அச்சாகும் முன் திரையில் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள்: பூ, ங், கு, ழ, லி. அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முடிவெடுக்கும் முன்

தேர்ந்தெடுத்த பெயரை இந்த ஐந்து கேள்விகளால் சோதியுங்கள்.

1. வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா? தாத்தா, பாட்டி, அத்தை எல்லோர் வாயிலும் வருகிறதா? தொட்டிலில் இட்டுக் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது பல வீடுகளில் அத்தைதான். அவர் வாயில் வராத பெயர் வீட்டில் நிலைக்காது.
2. பொருளை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? நாளைக்குப் பிள்ளை கேட்கும்போது சொல்ல வேண்டியவர் நீங்கள்.
3. சுருக்கிக் கூப்பிட்டாலும் நல்ல பொருள் நிற்கிறதா?
4. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே விதமாக எழுத, வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா?
5. மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்துச் சொன்னால் குழப்பமில்லாமல் கேட்கிறதா?

ஐந்துக்கும் ஆம் என்றால் தயங்காதீர்கள். முதல் எழுத்து நட்சத்திரம் தந்தது. கடைசி எழுத்து நீங்கள் தருவது. உங்கள் மகள் ஆயுள் முழுக்கத் திரும்பிப் பார்க்கப் போவது அந்த எழுத்து நீளும் குரலுக்குத்தான். பொருள் தெரிந்து, மனம் ஒப்பி, பிழையில்லாமல் எழுதி அவளுக்கு அதைக் கொடுங்கள்.